மொட்டைப் பலகை

அக்காவின் உடலைத் தூக்க வந்தவர்களில் நான்கு பேர் அவள் கையால் அறை வாங்கியவர்கள். நான்கு பேரும் அழுதார்கள். அவர்களில் ஒருவன் மரக்கிடங்கில் லாரி ஓட்டுபவன். மூக்கைத் துடைத்துக்கொண்டே வாயைத் திறந்து, ஈறில் பல் இல்லாத இடத்தை என்னிடம் காட்டினான். "இந்தப் பல்லு உங்கக்கா அடிச்சு விழுந்தது சார்" என்றான். பரிசு வாங்கியவன் பதக்கத்தைக் காட்டுவது போல இருந்தது.

கிடங்கில் அவளுக்குப் பெயர் இடி. முப்பத்தாறு வருடங்களாகப் பலகை இறக்கினாள், தரம் பிரித்தாள், அடுக்கினாள். கடைசிப் பத்து வருடங்கள் இறக்குபவர்களை மேய்த்தாள். போன மாதம் ஒரு நாள் காலையில், அடுக்கின் மேல் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் அப்படி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதால், கிட்டே போய்ப் பார்க்க அரை மணி நேரம் யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

எங்கள் அப்பா பெல்ட்டால் அடிப்பவர். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. நான் கண்ணாடி டம்ளரை உடைத்தால் அவள் "நான்தான்" என்பாள். அவள் முதுகில் பெல்ட் விழும் சத்தத்தை அடுத்த அறையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஒருநாள் அவள் பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள். வார்ப்பூட்டு இருந்த பக்கத்தால் அப்பாவை முகத்தில் அடித்தாள். அவருடைய இடது புருவம் கிழிந்து தொங்கியது. அதன்பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் மறுவாரமே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார். நான் கல்லூரிவரை படித்தேன், இன்று கல்லூரியிலேயே வேலை பார்க்கிறேன். எனக்கு விழவேண்டிய அடிகளை வாங்கிக்கொண்டுதான் அவள் என்னைப் படிக்கவைத்தாள் என்பதை நான் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அந்தக் கை அப்புறம் இறங்கவே இல்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் கணவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். அவள் சூடான இஸ்திரிப் பெட்டியை எடுத்து வீசினாள். அது அவன் காதை உரசிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. அப்புறமும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தான் என்பதே ஆச்சரியம். அவன் போனபிறகு வீட்டில் இரண்டே பேர், அவளும் கைக்குழந்தையாயிருந்த மகளும். கோபம் வந்தால் அடிக்க ஆள் இல்லை, கைக்குக் கிடைத்த பொருளைத் தரையில் வீசுவாள். ஸ்டூல், செம்பு, பூட்டு. கிடங்கில் மிஞ்சியது என்று கொடுத்த பாலிஷ் போட்ட பலகைகளால் ஆன தரை அது. விழுந்த இடமெல்லாம் பள்ளம், பாலிஷ் பெயர்ந்து வெள்ளை வெள்ளையாக. ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் ஒரு மிதியடி போட்டு வைப்பாள். வருகிறவர்கள், "இது வீடா, கம்பளக் கடையா?" என்பார்கள். மகளுக்கு மட்டும் எந்த மிதியடிக்குக் கீழே என்ன இருக்கிறது, அது எந்த நாள் விழுந்தது என்று தெரியும்.

மகளுக்குப் பதினேழு வயதானபோது ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதமாக வீட்டுக்கு வந்தாள். அக்காவின் கையில் கடைகளில் தொங்கவிடும் மாதிரிப் பலகை ஒன்று இருந்தது. ஒரு முழ நீளம், நுனியில் ஓட்டை. மகள் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள். பலகை முழங்கைக்குக் கீழே இறங்கியது, எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அன்று மாலையே மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு வருடம் என்னோடு இருந்து படித்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. தானாகத் தேர்ந்தெடுத்து ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அவனும் அடித்தான்.

வீட்டைவிட்டு வந்து பதினொரு வருடம் கழித்து, உதட்டில் தையலோடு அவள் என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு கையிலருந்து இன்னொரு கைக்குப் போயிட்டு வந்திருக்கேன், மாமா" என்றாள். அக்காவை வரவழைத்தேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்கள்.

"அவங்க வீட்டுக்கு வரேன்னு சொல்லு மாமா. ஆனா ஒரு தடவ, ஒரே தடவ அந்த வீட்டுக்குள்ள கை ஓங்குனாங்கன்னா, அன்னைக்கே போயிடுவேன். அப்புறம் செத்தாலும் வரமாட்டேன்" என்றாள் மகள்.

அக்கா வெகு நேரம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரின்னு சொல்லுடா" என்றாள்.

அக்கா அப்போதுதான் இரண்டு அறைகொண்ட ஒரு தரைத்தள வீட்டை வாங்கியிருந்தாள். சிமென்ட் தரை. மகள் வருவதற்குள் மரத்தரை போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். பழைய வீட்டுத் தரை போலவே, ஆனால் அந்தப் பள்ளங்கள் இல்லாமல். சிமென்டில் ஈரம் இருந்தால் மரம் உப்பிவிடும் என்று, பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து, அடியில் வியர்க்கிறதா என மூன்று நாள் பார்த்தாள். வியர்க்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு தரைப்பலகைக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அவளைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வாங்க வாங்க இடியம்மா. யாரையும் தேடி வரலையே?"

"தரை தேடி வந்தேன். காட்டுய்யா."

அவர் பாலிஷ் போட்டே வரும் பலகையை எடுத்துவைத்தார். மேலே ஓக் மரம், கீழே ப்ளைவுட் அடுக்கு, எல்லாம் ஒட்டி ஒரே பலகை. "இது கம்பெனிலயே ஏழு கோட் அடிச்சு வருது. இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கீறல் விழாது" என்று சொல்லி, சாவியை எடுத்து அதன் மேல் சர்ரென்று இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அக்கா சாவியை வாங்கினாள். பலகையை மடியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு. வெள்ளையாக ஒரு கோடு, ஒரு சாண் நீளத்துக்கு.

"இருபத்தஞ்சு வருஷம்னியே, இருபத்தஞ்சு செகண்டு தாங்கலையே."

"அம்மா, நீங்க கீறுனா ரயில் தண்டவாளத்துலயே கீறல் விழும்."

"சரி, இப்ப இத எடு பாக்கலாம்."

"எடுக்க முடியாதும்மா. அந்தப் பலகையவே பேத்துட்டு வேற போடணும்."

"வேணாம். மொட்டை காட்டு."

பாலிஷ் போடாமல் வரும் பலகையைத் தொழிலில் மொட்டை என்பார்கள். அதே ஓக், அதே ப்ளைவுட், மேலே மட்டும் எதுவும் பூசியிருக்காது. தரையில் ஒட்டி, மெஷினால் சமமாகத் தேய்த்து, பிறகுதான் எண்ணெயோ பாலிஷோ போடுவார்கள். கடைக்காரர் கட்டின் மேலே இருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்காமல் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். மேலே நல்லதை வைப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். ஓரத்தைக் கண்ணருகே வைத்து, மேல்மரத்தின் கனம் நான்கு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று நகத்தால் அளந்தாள். பிறகு அதே சாவியால் கீறினாள். இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்தாள். கோடு போன இடம் தெரியவில்லை. ஊதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல வருடங்களுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

"இதுதான்டா. எது விழுந்தாலும் தேய்ச்சா போயிடும். அந்த இடத்துல மட்டும் எண்ணெயத் தொட்டுவச்சா போதும், யாருக்கும் தெரியாது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் இருந்தேன். அன்று ஏனோ சொல்லிவிட்டேன்.

"அக்கா, அடிக்கமாட்டேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டு, அடிச்ச தடத்த அழிக்கிற தரையா பாத்து வாங்கறியே."

அவள் கை எப்போது வந்தது என்று தெரியாது. நான் பலகை அடுக்கின் மேல் விழுந்து கிடந்தேன். காதுக்குள் ரீங்காரம். வாயில் உப்புக் கரித்தது. கடைக்காரர் மேசைக்குப் பின்னால் குனிந்துவிட்டார். என் உதட்டிலிருந்து ஒரு சொட்டு, அந்த மொட்டைப் பலகையின் மேல் விழுந்து, மை ஊறுவதுபோல ஊறியது.

அக்கா உப்புத்தாளை எடுத்தாள். தேய்த்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். மேலே வெளுத்தது, மரத்தின் நாருக்குள் சிவப்பு கோடுகோடாக இறங்கிவிட்டிருந்தது. உப்புத்தாள் கிழியும்வரை தேய்த்தாள். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள்.

கடைக்காரர் மெல்லத் தலையை நீட்டி, "வீட்டுக்குள்ளதான் அடிக்கக்கூடாதுன்னு பேச்சு. கடைல அடிச்சது செல்லாது, இல்லீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"மொட்டையே போடு" என்றாள் அக்கா. "ஆனா பாலிஷ் வேணாம். எண்ணெயும் வேணாம்."

"அம்மா, தெரிஞ்ச நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? வெறும் மரத்த அப்படியே விட்டா ஒரே வாரத்துல நாய் படுத்த இடம் மாதிரி ஆயிடும். தண்ணி பட்டா கறை, கால் பட்டா கறை."

"ஆகட்டும். ஒரு வருஷம் அப்படியே கிடக்கட்டும். என் கையால ஒரு கறை விழலன்னா எண்ணெய் போடறேன். விழுந்தா அவளே பாத்துக்கட்டும். பாயப் போட்டு மூடமாட்டேன்."

தொழில் தெரிந்த யாரும் செய்யாத காரியம் அது. பலகைகளை இரண்டு நாள் அறையிலேயே கிடத்தி, வீட்டுக் காற்றுக்குப் பழக்கினாள். தானே பசை போட்டு ஒட்டினாள், ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிச் சேர்த்தாள். மெஷினால் தேய்த்து முடித்தபோது கூடம் முழுவதும் ஒரே பலகை போலிருந்தது. இடுக்கே தெரியவில்லை. பூசாத ஓக் மரத்தின் வாசனை, கொஞ்சம் புளிப்பாக.

மகள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மிதியடிகூட இல்லாத அந்த வெற்றுத் தரையைப் பார்த்தாள். ஒரு வருடக் கறைக் கணக்கை அக்கா என்னைப் பார்த்துச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

ஒன்பது மாதம் ஓடியது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். தரை கடைக்காரர் சொன்னபடியே அழுக்கானது. கதவிலிருந்து அடுப்படிவரை கால் தடம் ஒரு பாதைபோல. பால் சிந்திய வட்டம் ஒன்று. அவை எல்லாம் கணக்கில் சேராதவை. ஒருமுறை அக்கா ஈரச் சுத்தியலைத் தரையில் வைத்து மறந்துவிட்டாள். இரும்பு ஈரத்தோடு பட்டால் ஓக் கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பதறி மகளின் வேலையிடத்துக்கே போன் செய்திருக்கிறாள்.

"பாப்பா, நான் வீசல. சத்தியமா வச்சேன். வச்ச கறைதான்."

மகள் மாலையில் வந்து, போலீஸ்காரர் போலக் குனிந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தாளாம். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, இது செல்லாது" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் முகத்தில் தேர்வில் தேறிய குழந்தையின் வெட்கம்.

பத்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே ஒரு பழைய அலமாரியைப் பிரித்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். மகள் கதவைத் திறந்தாள். அவள் கணவன் நின்றிருந்தான்.

"பையை எடு, போலாம்" என்றான்.

"வரமாட்டேன்."

அவன் அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்தான். சுவரில் அவள் தலையை மோதினான். ஒருமுறை, இன்னொரு முறை. நான் எழுந்தேன். எழுந்தேன் என்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. செய்தித்தாள் என் கையிலேயே இருந்தது. அடுத்த அறையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஒன்பது வயதுக்காரன்.

அக்கா ஆணி பிடுங்கும் இரும்புக் கம்பியோடு வந்தாள். சத்தமே போடவில்லை. முதல் அடி அவன் முன்கையில். முறிந்தது, முடியை விட்டான். இரண்டாவது தோளில். மண்டியிட்டு விழுந்தான். "அம்மா, விட்டுடுங்க" என்றான். மூன்றாவது வாயில். அவன் முன்னால் கவிழ்ந்து, ரத்தமும் எச்சிலுமாகத் துப்பினான். வெற்று மரம் அதைக் குடித்தது.

முதல் அடி மகளுக்காக விழுந்தது. இரண்டாவதும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது யாருக்காகவும் அல்ல. அக்காவின் முகத்தில் கோபம்கூட இல்லை. பலகை அடுக்கும்போது இருக்கும் முகம்தான், ஒரு வேலையை முடிக்கிற முகம். நான்காவது அடிக்குக் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கினாள். அது இறங்கியிருந்தால் அவன் மண்டை பிளந்திருக்கும்.

"அம்மா!"

மகள் நடுவில் வந்து நின்றாள். இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்திருந்தாள். முன்பு முறிந்த அதே கை, அதே தூக்கல்.

கம்பி வந்த வேகத்தில் வந்தது. அந்த முழங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கம்பி நழுவி, நுனி கீழாகத் தரையில் குத்திச் சாய்ந்தது.

அவன் சுவரைப் பிடித்து எழுந்து வெளியேறினான். போலீஸுக்குப் போவான் என்று பயந்தோம். மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னானாம். அந்தப் பொய்யை அவன் மனைவியை இரண்டுமுறை சொல்லவைத்திருக்கிறான், அதனால் சொல்லத் தடுமாறியிருக்கமாட்டான்.

அக்கா கை கழுவினாள். மகளின் நெற்றிப் புடைப்பில் ஈரத்துணியை வைத்தாள். பிறகு ஒரு பையில் இரண்டு உடுப்புகளைத் திணித்தாள்.

"நீ சொன்னபடி பாத்தா நீதான் போகணும். நீ போகாத பாப்பா. நான் போறேன்."

என்னோடு பஸ்ஸில் வந்தாள் அக்கா. வழியெல்லாம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு நாள் என் வீட்டில் இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. தட்டைக்கூட நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது, எதையும் கையில் எடுக்கப் பயந்தாள். பன்னிரண்டாம் நாள் காலை மகள் என்னைப் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, அம்மாகிட்ட கேளு. எண்ணெய நார் ஓடற பக்கமா தேய்க்கணுமா, குறுக்காவா?"

அக்காவைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நார் பக்கமாத்தான் இருக்கும்மா" என்றேன் நான், தெரிந்தவனைப் போல.

"எவ்வளவு நேரம் ஊறணும்? சரி, அத டப்பால பாத்துக்கறேன். இந்தத் துடைச்ச துணியெல்லாம் மூலைல குவிச்சு வச்சிருக்கேன், அத அப்புறமா..."

அக்கா பாய்ந்துவந்து போனைப் பிடுங்கினாள்.

"அடியே! குவிக்காதடி! எண்ணெய்த் துணி தானா சூடாகிப் பத்திக்கும். வீடே போயிடும். ஒண்ணொண்ணா விரிச்சு வெளிய கொடில போடு. இல்லன்னா வாளித் தண்ணில முக்கு. இப்பவே போ!"

எதிர்முனையில் வாளி இழுபடும் சத்தம், தண்ணீர்ச் சத்தம். பிறகு மூச்சு வாங்கும் குரல்.

"முக்கிட்டேன்மா."

"எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிச்ச?"

"வாசல்லருந்து."

"வாசல்லருந்தா? அப்ப இப்ப நீ எங்க நிக்கற?"

"அடுப்படி மூலைல" என்றாள் மகள். "வெளிய வர வழியில்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "இடிக்குப் பொறந்தது இது. அறிவு கெட்டது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் அடுப்படி ஜன்னல் வழியே குதித்து வெளியே வந்திருந்தாள். எண்ணெய் காயும்வரை உள்ளே கால் வைக்க முடியாது. அம்மாவும் மகளும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். திறந்த கதவு வழியே தரை தெரிந்தது. எண்ணெய் பட்டதும் ஓக் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. நடுவில் அந்தக் கறை, கருஞ்சிவப்பாக, முன்னைவிட அழுத்தமாக. அதன் பக்கத்தில் கம்பி குத்திய பள்ளம்.

"தேய்ச்சுட்டுல்ல போட்டிருக்கணும்" என்றாள் அக்கா. "எண்ணெய் போட்டாச்சுன்னா கறை உள்ளயே நின்னுடும்."

"ரத்தம் எங்கயும் முழுசா போகாதும்மா. லேப்ல தினம் பாக்கறேன்ல."

"பள்ளத்தையாவது? ஈரத்துணி வச்சு இஸ்திரிப் பெட்டியால ஒத்தி எடுத்தா மேல வந்திருக்கும்."

"தெரியும்" என்றாள் மகள். "அது நாலாவது அடி. என் மேல விழாதது. அத எடுக்க எனக்கு மனசு வரல."

அக்கா தன் கையைப் பார்த்தாள். மகள் அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் பிசுபிசுத்த விரல்கள். இருவரும் உள்ளே போக மறுநாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு இரண்டு வருடமும் சில மாதங்களும். போன மாதம் உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்துவதற்கு முன், யாரோ பாய் விரிக்கப் போனார்கள். மகள் தடுத்தாள். "கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றாள். "அந்தப் பள்ளத்த மூடாதீங்க."